சீரில் வைத்த ஓட்டைச் சட்டி

பெட்டியின் கடைசிப் பலகையை நெம்பி எடுத்த ஜமீல், உள்ளே எட்டிப் பார்த்ததும் கடப்பாரையைத் தன் கால்மேலேயே போட்டுக்கொண்டான். வலிக்கக்கூட மறந்துபோயிற்று. வைக்கோலுக்கு நடுவில், தட்டுகளும் மூடியுமாக, ஒரு தெருவுக்கே ஒரே ஈட்டில் அவித்துப் போடுகிற அளவில் ஒரு இட்லிக் கொப்பரை ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

அவன் மனைவி சுஹானா பின்னாலிருந்து எக்கிப் பார்த்தாள்.

"ஏங்க, தான்சானியாவுல தங்கத்தை இட்லியா அவிச்சுத்தான் எடுக்கிறாகளா?"

ஜமீல் எதிர்பார்த்திருந்ததும் ஒரு சட்டிதான். ஆனால் அது தங்கச் சுரங்கத்து மையவிலக்கு இயந்திரத்தின் வயிறு. கூம்பு வடிவத்தில், வாய் அகன்று, உட்புறம் முழுக்க வளையம் வளையமாக வரப்பு கட்டியிருக்கும். வரப்புகளுக்கு இடையே ஊசிமுனை அளவுக்குத் துளைகள். பாறையை மாவாகப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து அதற்குள் விட்டுத் தலை கிறுகிறுக்கும் வேகத்தில் சுற்ற வேண்டும். வெளியிலிருந்து அந்தத் துளைகள் வழியாகத் தண்ணீர் பாய்ந்து மணலை இறுக விடாமல் கிளறிக்கொண்டே இருக்கும். லேசான மணல் விளிம்பேறி வெளியே ஓடிவிடும். கனத்த தங்கம் மட்டும் வரப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

தான்சானியாவில் இந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில்தான் ஜமீல் தன் வாலிபத்தைக் கழித்தான். கட்டின பெண்டாட்டியோடு இருந்ததைவிட இதனோடு இருந்த நாட்களே அதிகம். சுஹானா இதைப் போனில் பலமுறை சொல்லிக் காட்டியிருக்கிறாள். ஒருமுறை "மோட்டாருக்குக் காய்ச்சலுன்னா பக்கத்துல ஒக்காந்திருக்கீக, எனக்குக் காய்ச்சலுன்னா மாத்திரை போடச் சொல்றீக" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அந்த வருடம் சுரங்கத்தில் பழைய சிறிய இயந்திரம் ஒன்றைக் கழித்துக் கட்டியபோது, அவனே அதை வாங்கிக் கப்பலேற்றிவிட்டான்.

அவன் போட்டிருந்த கணக்கு இதுதான். காரைக்குடியில் நகைப் பட்டறைகளுக்குக் குறைவில்லை. அராவும்போதும் தேய்க்கும்போதும் சிந்துகிற தங்கப்பொடி தரைப் புழுதியோடு கலந்து கிடக்கிறது. அந்தப் புழுதியைத் தன் இயந்திரத்தில் ஓட்டினால் ஊரிலேயே பிழைத்துக்கொள்ளலாம். கல்லல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கொட்டகை பிடித்தாயிற்று. இயந்திரத்தின் உடம்பு முந்தாநாளே வந்து இறங்கிவிட்டது. தனியாகக் கட்டி அனுப்பிய சட்டிதான் பாக்கி. அது வந்ததும் பட்டறைக்காரர்களுக்கெல்லாம் பெரியவரான இராமு பத்தர் வந்து பார்ப்பார். அவர் சரி என்று தலையாட்டினால் அவர் தெரு முழுக்கத் தலையாட்டும்.

தலையாட்டாவிட்டால் திங்கட்கிழமை பிளைட். அவன் அண்ணன் சேக் பரீது அதே சுரங்கத்தில் சூப்பர்வைசர். தம்பியின் வேலையை யாருக்கும் கொடுக்காமல் பிடித்துவைத்து, டிக்கெட்டும் போட்டு அனுப்பிவிட்டார். இனிமேல் ஒரு வாரம்கூடப் பொறுக்க மாட்டார்களாம். இன்று சனிக்கிழமை. பத்தர் சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கொட்டகையில் இருப்பதோ இட்லிக் கொப்பரை.

ஜமீல் மினிலாரி ஓட்டுகிற கோட்டைச்சாமிக்குப் போன் போட்டான். காரைக்குடி லாரி ஆபீசிலிருந்து பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்தவர் அவர்தான்.

"கோட்டைச்சாமி அண்ணே, என் பெட்டி எங்கண்ணே?"

"உங்க பெட்டியத்தான் உங்ககிட்ட எறக்குனேன்ல தம்பி?"

"எங்கிட்ட இட்லிக் கொப்பரைல்ல இருக்கு!"

மறுமுனையில் வண்டி ஓரம் கட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்பப் பள்ளத்தூர் கல்யாண வீட்டுல எறக்குனது என்னது?" என்றார் கோட்டைச்சாமி, ஏதோ ஜமீல்தான் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டும் என்பதுபோல.

கொப்பரையையும் சுஹானாவையும் அதே மினிலாரியில் ஏற்றிக்கொண்டு ஜமீல் பள்ளத்தூருக்குப் பறந்தான். வழியெல்லாம் கோட்டைச்சாமி இரண்டு பெட்டியும் ஒரே அளவு, ஒரே மரம், ஒரே ஆணி என்று சத்தியம் செய்துகொண்டே வந்தார். ஜமீல் காதில் வாங்கவில்லை.

கல்யாண வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிற வீடு. மறுநாள் முகூர்த்தம். பெண்ணுக்குக் கொடுக்கிற சீர்ச் சாமான்களை வளவு என்கிற நடுமுற்றத்தில் பரப்பி வைத்திருந்தார்கள். எவர்சில்வர் ஒரு பக்கம், பித்தளை ஒரு பக்கம், எதற்கென்றே தெரியாத டப்பாக்கள் ஒரு பக்கம். ஊர்ப் பெண்கள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நட்டநடுவில், ஒரு மணையின்மேல், புளி போட்டுத் துலக்கி, சந்தனம் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, கழுத்தில் ஒரு முழம் மல்லிகையும் சுற்றி, ஜமீலின் சுரங்கச் சட்டி அமர்ந்திருந்தது. அத்தனை வருடம் அதைத் தொட்டுத் துடைத்தவனுக்கு அது இவ்வளவு அழகு என்று தெரியாது.

"இது என்ன ஆச்சி, புது மாதிரியா இருக்கு?" என்று ஒரு பெண் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அரிக்கஞ்சட்டி" என்றார் சிகப்பி ஆச்சி, கண்ணை இமைக்காமல்.

சிகப்பி ஆச்சிதான் பெண்ணின் தாயார். அவருக்குத் தெரியாத பாத்திரம் என்று உலகத்தில் ஒன்று இருக்கக்கூடாது. இருந்தால் அது அந்தப் பாத்திரத்தின் குற்றம். காலையில் பெட்டியைப் பிரித்தபோது அவரும் ஒரு நொடி திகைத்துத்தான் போயிருப்பார். ஆனால் உள்ளே வரப்பு வரப்பாக இருந்ததைப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்துவிட்டது. அரிசியையும் பருப்பையும் அலசிக் கல்லை அரித்தெடுக்கிற சட்டிக்குத்தானே உள்ளே வரப்பு இருக்கும்? பங்காளிகளில் யாரோ பெருந்தன்மையாக அனுப்பியிருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, நடுவில் வைத்துவிட்டார்.

ஜமீல் ஆச்சியை ஒரு பக்கமாக அழைத்து விஷயத்தைச் சொன்னான். ஆச்சி சட்டென்று அவனையும் சுஹானாவையும் ஒரு அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"மெதுவாப் பேசுங்க தம்பி. பரப்பி வச்சாச்சு. ஊரே பாத்தாச்சு. இனி அதுல இருந்து ஒண்ணை எடுத்தோம்னா, வச்சுக் காட்டிட்டு உருவிட்டாகன்னு பேசுவாக. எம் மக ஆயுசுக்கும் அந்தப் பேச்சைக் கேக்கணும்."

"ஆச்சி, அது சமையச் சாமானே இல்ல. மிஷினோட பாகம். மோட்டார்ல மாட்டிச் சுத்தணும். ஓட்டை வழியாத் தண்ணி உள்ள வரும். கனமானது வரப்புல தங்கும், லேசானது வெளிய போயிரும்."

"அதைத்தானே நானும் சொல்றேன்? அரிக்கஞ்சட்டின்னு."

ஜமீலுக்குத் தப்பு என்று சொல்லவும் வாய் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் ஆச்சி சொல்வது சரிதான். கையால் ஆட்டுவதை மோட்டார் ஆட்டுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். சரியாகச் சொல்கிற ஆளிடம் சண்டை போடுவதைப்போல் கஷ்டமான வேலை கிடையாது.

அதற்குள் வளவில் ஒரு சலசலப்பு. மாப்பிள்ளையின் தாயார் மஹாலட்சுமி ஆச்சி கொத்தமங்கலத்திலிருந்து உறவுக்காரப் பெண்கள் புடைசூழச் சீர் பார்க்க வந்துவிட்டார். மூவரும் வெளியே ஓடி வந்தபோது, அவர் சட்டியைத் தூக்கச் சொல்லி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். துளைகள் வழியாக வெயில் பொட்டுப் பொட்டாக அவர் முகத்தில் விழுந்தது.

"சம்பந்தி," என்றார் நிதானமாக, "ஓட்டைச் சட்டியவா சீர்ல வச்சிருக்கீக?"

சிகப்பி ஆச்சியின் முகம் வெளுத்து, சிவந்து, மறுபடி வெளுத்தது. பிறகு அவர் ஜமீலின் முழங்கையைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

"ஓட்டை இல்ல சம்பந்தி, தண்ணி வர்ற வழி. இது கரண்டுல சுத்துற அரிக்கஞ்சட்டி. ஃபாரின் சாமான். சுத்திக் காட்டத்தான் இந்தத் தம்பி வந்திருக்காக."

"அப்பச் சுத்திக் காட்டட்டும்" என்றார் மஹாலட்சுமி ஆச்சி. ஒரு நாற்காலியை வரவழைத்து உட்கார்ந்தும்விட்டார்.

ஜமீலுக்கு அப்போதுதான் ஒரு யோசனை உதித்தது. அதைச் சுஹானாவின் காதில் ஓதினான். மோட்டாரின் இரைச்சலைக் கேட்டால் இவர்களே ஓடிப்போவார்கள். மூடியைப் போடாமல் ஓட்டினால் தண்ணீர் நாலாபக்கமும் அடிக்கும். பட்டுப்புடவையெல்லாம் நனைந்தபிறகு, இந்தச் சனியனே வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள் என்று மாப்பிள்ளை வீட்டாரே சொல்லிவிடுவார்கள். அவர்கள் வாயாலேயே வேண்டாம் என்றபிறகு உருவிவிட்டார்கள் என்ற பேச்சுக்கு இடமேது? கொப்பரையை வைத்துவிட்டுச் சட்டியோடு கிளம்பிவிடலாம்.

"அறிவாளிதான் நீங்க" என்றாள் சுஹானா. அவள் அதை எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று அவன் நின்று கேட்கவில்லை.

செய்த தப்புக்குப் பரிகாரமாகக் கோட்டைச்சாமி கல்லலுக்குப் போய் இயந்திரத்தின் உடம்பை அள்ளிக்கொண்டு வந்தார். கல்யாண ஜெனரேட்டரிலிருந்து கரண்டு, மாடித் தொட்டியிலிருந்து ஹோஸ். பின்கட்டில் இயந்திரத்தை நிறுத்திச் சட்டியை மாட்டினார்கள். அரிசி பெரிது, வரப்பை அடைக்கும், பொடிசாக ஏதாவது வேண்டும் என்று ஜமீல் கேட்டான். சமையல்காரர் உடனே ஒரு அண்டாவை நகர்த்திக்கொண்டு வந்தார். நாளைய பாயசத்துக்கு வாங்கிய கசகசா. கடைக்காரன் பாதி ஆற்று மணலையும் சேர்த்தே நிறுத்துக் கொடுத்திருக்கிறான், வாயில் போட்டால் நறநறவென்கிறது, யார் உட்கார்ந்து இவ்வளவையும் அரிப்பது என்று அவர் விடிந்ததிலிருந்தே புலம்பிக்கொண்டிருந்தாராம்.

கூட்டம் சுற்றி நின்றது. ஜமீல் மூடியை மறந்தவன் மாதிரிக் கீழே வைத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டான்.

முதலில் ஒரு முனகல், பிறகு ஒரு ஊளை. சட்டி சுற்றுவது கண்ணுக்குத் தெரியாமல் போய் அது அசையாமல் நிற்பதுபோல் ஆனதும், அவன் கசகசாக் கரைசலை ஊற்றினான். அடுத்த நொடி பின்கட்டில் கசகசா மழை. சுவரெல்லாம் கசகசா. தூணெல்லாம் கசகசா. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அத்தனை பேரின் முகத்திலும் நரைத்த அம்மை போட்டதுபோல் கசகசா. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மஹாலட்சுமி ஆச்சிக்குத்தான் பெரிய பங்கு. ஜமீல் மோட்டாரை நிறுத்திவிட்டு, வசவுக்காகத் தலையைக் குனிந்து காத்திருந்தான். மனசுக்குள் சட்டியை எடுத்துக் கட்டக்கூட ஆரம்பித்துவிட்டான்.

மஹாலட்சுமி ஆச்சி உதட்டில் ஒட்டியிருந்ததை நாக்கால் எடுத்தார். மென்றார். மறுபடி மென்றார்.

"மண்ணே இல்லையே!" என்றார்.

மற்ற பெண்களும் அவரவர் உதட்டை நக்கிப் பார்த்தார்கள். ஒருத்தி பக்கத்தில் நின்றவள் கன்னத்திலிருந்தும் எடுத்து ருசி பார்த்தாள். ஒரு நறநறப்பு இல்லை. சமையல்காரர் சட்டிக்குள் எட்டிப் பார்த்து, வரப்பெல்லாம் மணல் கோடு கோடாகப் படிந்திருப்பதைக் கண்டு கையெடுத்துக் கும்பிட்டார். சிகப்பி ஆச்சி நிமிர்ந்து நின்ற நிமிர்வில் ஒரு சாண் உயர்ந்துவிட்டார். ஜமீல் மட்டும்தான் அந்த இடத்தில் சந்தோஷப்படாத ஆள்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு குரல் வந்தது. "என்ன ஜமீலு, சாயங்காலம் கல்லல்ல பாக்கலாம்னு சொன்னீக. இங்குட்டு நிக்கிறீக?"

இராமு பத்தர்! பெண்ணின் தாலிக் கழுத்துருவைக் கோக்க வந்தவர் அவர்தான் என்பது ஜமீலுக்கு எப்படித் தெரியும்? கையில் கருவிப் பெட்டியோடு நின்ற பத்தர் இயந்திரத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்கிட்டத் தங்கம் எடுக்கிற மிஷினுன்னு சொன்னீக. இங்க கசகசா அரிச்சுக்கிட்டு இருக்கீக. இதுல எது நெசம்?"

ஜமீல் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தான். தங்கம் எடுப்பது என்று சொன்னால், பட்டறைப் புழுதி கழுவுகிற சாமானைச் சீரில் வைத்தார்கள் என்று சிகப்பி ஆச்சியின் மானம் போகும். ஆச்சி அவனைக் கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தார். கசகசா அரிப்பது என்று சொன்னால், அடுப்படிச் சாமானைக் காட்டி ஏமாற்றப் பார்த்தவன் என்று பத்தர் திரும்பிப் போய்விடுவார். அவரோடு சேர்ந்து காரைக்குடியும் போய்விடும். திங்கட்கிழமை அவன் திருச்சி விமான நிலையத்தில் வரிசையில் நிற்பான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுஹானா நிற்பாள், எப்போதும்போல அழாமல், கையைக்கூட ஆட்டாமல்.

"ரெண்டும் நெசந்தான் பத்தரே" என்று சுஹானா முன்னால் வந்தாள். "கனத்தது எதுவோ அதைப் பிடிச்சு வச்சுக்கிரும். லேசானதை விட்டுரும். உள்ள போறது தங்கமா கல்லான்னு அதுக்குத் தெரியவா போகுது? நம்பிக்கை இல்லன்னா நீங்களே ஏதாச்சும் போட்டுப் பாருங்க."

பத்தர் அவளைப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, பெட்டியிலிருந்து அரத்தை எடுத்து, தன் விரலில் கிடந்த மோதிரத்தைக் கழற்றி, எல்லோரும் பார்க்க அராவத் தொடங்கினார். ஒரு காகிதத்தில் மினுமினுவென்று பொடி உதிர்ந்தது. தங்கத்தை எடை போடாமல் கீழே போட அவருக்குக் கை வராது. ஆகவே சின்னத் தராசில் நிறுத்துக்கொண்டு, ஒரு வாளிக் கசகசாவுக்குள் அதைத் தட்டிக் கலக்கிவிட்டார். பெண்கள் அத்தனை பேரும் ஒருசேர மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

"போட்டது திரும்பி வந்துச்சுன்னா எங்க தெருப் புழுதி பூராவும் உங்களுக்கு. வரலைன்னா என் மோதிரத்துக்கு நீங்கதான் பொறுப்பு."

ஜமீல் சட்டியைக் கழற்றிக் கழுவி மறுபடி மாட்டினான். இந்த முறை மூடியைப் போட்டு, வேகத்தைப் பார்த்துப் பார்த்து வைத்து, தண்ணீரின் அழுத்தத்தையும் விரலால் தொட்டுத் தொட்டுக் கூட்டினான். இப்போது அவனுக்குக் கல்யாண வீடும் தெரியவில்லை, ஆச்சிகளும் தெரியவில்லை. சத்தம் ஒரே சீராக வந்ததும் ஊற்றினான். கசகசா குழாய் வழியாகச் சமர்த்தாக அண்டாவில் போய் விழுந்தது. நிறுத்தி, சட்டியைக் கழற்றி, வரப்புகளில் தங்கியதை ஒரு தாம்பாளத்தில் கழுவி இறக்கினான். தாம்பாளத்தை மெல்ல ஆட்ட ஆட்ட மணல் ஒதுங்கி, ஓரத்தில் மஞ்சளாக ஒரு பிறை விரிந்தது.

பத்தர் ஈரத்தைக் காயவைத்து, மணல் துளியை ஊதித் தள்ளி, தராசில் போட்டார். தராசைத் தட்டினார். மறுபடி போட்டார். பிறகு ஜமீலைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"என்னய்யா இது, போட்டதைவிடக் கூட இருக்கு?"

பின்கட்டில் எழுந்த கூச்சலில் ஜெனரேட்டர் சத்தம் அமுங்கிப்போயிற்று. கசகசாவிலிருந்து தங்கம் வருகிறது என்று யாரோ வளவுக்கு ஓடிப்போய்ச் சொல்ல, சாமான் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சாமானை விட்டுவிட்டு இங்கே ஓடி வந்தார்கள். ஜமீலுக்கு மட்டும் உடனே விளங்கிவிட்டது. துளைகளுக்குள் தான்சானியத் தங்கம் துணுக்குத் துணுக்காகச் சிக்கிக் கிடந்திருக்கிறது. சந்தனம் பூசியவர்கள் கை அங்கே எட்டவில்லை. முதல் ஓட்டத்தில் இளகிய துணுக்கு, தண்ணீரைக் கூட்டியதும் இந்த ஓட்டத்தில் வந்து இறங்கிவிட்டது. இதைச் சொன்னால் சட்டி பழசு என்பதும் வெளியே வந்துவிடும். ஆனால் பத்தரிடம் பொய் சொல்லித் தொழில் தொடங்க அவனுக்கு மனசில்லை. போதாக்குறைக்கு, பழசு என்றால் இவர்கள் கட்டாயம் வேண்டாம் என்பார்கள் என்ற ஆசையும் உள்ளே எட்டிப் பார்த்தது.

"பழைய சட்டிங்க இது. தங்கச் சுரங்கத்துல நான் ஓட்டுனது. அங்குட்டு ஓடுன தங்கம் ஓட்டைக்குள்ள ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. அதுதான் கூட வந்துருச்சு. லாரியில மாறி இங்க வந்துருச்சு, ஆச்சி மேல தப்பில்ல" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தான்.

சிகப்பி ஆச்சி தூணைப் பிடித்துக்கொண்டார். சீரில் பழைய சாமான்! எல்லோரும் மஹாலட்சுமி ஆச்சியைப் பார்த்தார்கள். அவர் புருவத்திலிருந்த கசகசாவைத் தட்டிவிட்டுவிட்டு யோசித்தார்.

"பழசுதான், இல்லங்கலை. ஆனா எங்க வீட்டுக்கு வரப்போற பொண்ணோட சட்டி, வாசப்படி ஏறுறதுக்கு முன்னாலயே தங்கம் குடுத்திருக்கு. இதை வேணாம்னு சொல்ல எனக்கென்ன கிறுக்கா? இது கொத்தமங்கலத்துக்குத்தான் வருது. வந்தா அப்புறம் படி எறங்காது."

பத்தர் கூடுதலாக வந்த பொடியைத் தாளில் மடித்து ஜமீலிடம் நீட்டினார். மஹாலட்சுமி ஆச்சி நடுவில் கையை விட்டு வாங்கிச் சந்தனக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டார். ஜமீல் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். காரைக்குடித் தெரு கைக்கு வந்துவிட்டது, சட்டி கையை விட்டுப் போய்விட்டது.

"ஆச்சி, எனக்கு இதுதான் பொழப்பு" என்றான். குரல் உடைந்துவிட்டது. ஊர்ப் பெண்கள் முன்னால் உடைந்ததைப் பற்றி அவன் கவலைப்படவும் இல்லை. "இந்தச் சட்டி இல்லன்னா நான் நாளக்கழிச்சு பிளைட் ஏறணும். ஏறுனா மறுபடி எப்ப வருவேன்னு எனக்கே தெரியாது. இவளை விட்டுட்டு இனி ஒரு தடவை என்னால போக முடியாது ஆச்சி."

சுஹானா தரையைப் பார்த்தாள். இந்த வார்த்தையை அவன் அவளிடம் தனியாகக்கூடச் சொன்னதில்லை.

"யாரு உங்களைப் போகச் சொன்னது?" என்றார் மஹாலட்சுமி ஆச்சி. "சட்டி தானாவா சுத்தும்? ஓட்ட ஆள் வேணாம்? எங்க வீட்டுப் பின்கட்டு பூராவும் சும்மாதான் கெடக்கு. மிஷினை அங்க போடுங்க. பத்தர் தெருப் புழுதி அங்க வரட்டும். வெள்ளிக்கிழமை மட்டும் எங்க அடுப்படிக்கு. எள்ளு, கசகசா, கடுகு எல்லாம் அரிச்சுக் குடுத்துரணும். வேற ஆளை வச்சு ஓட்டுனா நான் விடமாட்டேன், நீங்கதான் வரணும்."

"கொத்தமங்கலம்னா என்ன, பஸ்ஸு போகுது, புழுதியும் போகட்டும்" என்றார் பத்தர், மோதிரத்தை விரலில் மாட்டிக்கொண்டே. தேய்ந்த மோதிரம் இப்போது கொஞ்சம் மெலிந்திருந்தது. அதற்கும் சேர்த்து அவர் ஜமீலை ஒரு பார்வை பார்த்தார்.

மறுநாள் கல்யாணம் அமர்க்களமாக நடந்தது. தாலி கட்டியதைவிட, பாயசம் ஊற்றியபோது கூட்டம் அதிகம். கசகசாப் பாயசத்தில் தங்கம் கலந்திருக்கிறது என்று செய்தி கானாடுகாத்தான் வரைக்கும் போய்விட்டது. சர்க்கரை வியாதிக்காரர்கள் வைத்தியரை மறந்தார்கள். பாயசமே பிடிக்காதவர்கள் டம்ளரை வழித்துக் குடித்தார்கள். எல்லாத் தங்கமும் தாம்பாளத்தில் வந்துவிட்டது என்று பத்தர் பந்தி பந்தியாகப் போய்ச் சொல்லிப் பார்த்தார். தங்கத்தை மறைக்கப் பார்க்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மாப்பிள்ளைக்கு ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை.

ஜமீலும் சுஹானாவும் கடைசிப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. சேக் பரீது.

"என்னடா, சட்டி கைக்கு வந்துச்சா இல்லையா?"

"வராதுண்ணே."

"அப்பப் பொட்டியக் கட்டு. நாளைக்கு பிளைட்டை விட்டேன்னா, இங்க உன் வேலைக்கு வேற ஆள் வந்துருவான்."

சுஹானா சாப்பிடாத கையால் போனைப் பிடுங்கினாள்.

"மச்சான், வேற ஆளை எடுத்துக்கங்க. அவுக வரமாட்டாக."

"ஏன்மா, என்ன ஆச்சு?"

"சட்டியோட சேத்து அவுகளையும் கொத்தமங்கலத்துக்குச் சீர் குடுத்தாச்சு. சீர்ல போனதை எடுத்தா ஊர் பேசும்ல?"

அங்கே அண்ணன் என்ன சொன்னார் என்பதை அவள் கேட்கவில்லை. போனை அணைத்து இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்துக் கடித்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில், ஒரு விசேஷ வீட்டுப் பந்தியில் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஜமீலுக்குக் கண் கலங்கிவிட்டது. ரசத்தில் காரம் கூட என்று பரிமாறுகிறவரிடம் சொன்னான்.